ஆர்ட்ஸ் காலேஜ் வேற, ஆர்ட் காலேஜ் வேற: கோத்தகிரி அம்மாவுக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, நாங்க கோத்தகிரி பக்கம், ஒண்ணரை ஏக்கர் தேயிலை இருக்கு. பொண்ணு அரசுப் பள்ளியில ப்ளஸ் டூ போயிருக்கா, காமர்ஸ் குரூப். ப்ளஸ் ஒன்ல 61 சதவீதம்தான். எந்நேரமும் படம் வரையறா, அதத்தான் படிப்பேன்னு நிக்கிறா. அவங்கப்பா ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜ்ல சேத்துடலாம் அதுவும் ஆர்ட்ஸ்தானேங்கறார். என் தம்பி கோயமுத்தூர்ல விஸ்காம் போடுங்கறான். பக்கத்து வீட்டுப் பையன் டிசைன் படிச்சா நல்ல சம்பளம்ங்கறான். எதுக்கு எவ்வளவு மார்க் வேணும், எது நல்லது, ஒண்ணும் புரியல. பொட்டப்புள்ளய மெட்ராஸ் அனுப்பறதும் பயமா இருக்கு. அவ வரைஞ்ச 11 படத்த போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்.

பதில்:

வணக்கம்மா. கடுதாசிய படிக்கிறதுக்கு முன்னாடி படத்தத்தான் பாத்தேன், 24 வருஷம் குன்னூர்ல டிராயிங் மாஸ்டரா இருந்துட்டு இப்ப ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு வழி சொல்ற வேலைய முழுநேரமா பாக்கறேன், அதனால கை தானா படத்துக்குத்தான் போகுது. பதினொண்ணுல எட்டு நடிகர் நடிகை முகம், செல்போன்ல பாத்து வரைஞ்சது, கன்னத்துல பென்சில் பொடிய விரலால தேச்சு வழவழன்னு ஷேடு போட்டிருக்கா. ரெண்டு சாமி படம். கடைசி படம் மட்டும் கோடு போட்ட நோட்டுத் தாள்ல இருக்கு, அதுல நீங்க முதுகுல இருந்து கொழுந்துப் பைய இறக்கறீங்க, ஒரு தோள் கீழ போயிருக்கு, ஒரு கை பையோட வாரை இன்னும் விடல, முகம்கூட முழுசா வரையல. ஆனா பாரம் எந்தப் பக்கம் இருக்குன்னு அந்தப் படத்துல தெரியுதும்மா. மத்த பத்தும் பொறுமை, இது பார்வை. இந்த ஒரு தாள வெச்சுத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

மொதல்ல உங்க வீட்டுக்காரர் சொன்னத எடுத்துக்கறேன், ஏன்னா இந்த மலையில பாதி வீட்ல இதே குழப்பம்தான். நம்ம ஊர்ல ஆர்ட்ஸ்னா பி.ஏ., பி.காம்.னு அர்த்தம், கலைக் கல்லூரின்னு போர்டுலயும் எழுதியிருக்கும். 1955ல ஆரம்பிச்ச ஊட்டி அரசு கலைக் கல்லூரியில தமிழ், இங்கிலீஷ், வரலாறு, பொருளாதாரம்னு நல்ல பாடமெல்லாம் இருக்கு, எங்கிட்ட படிச்ச பிள்ளைங்க எத்தனையோ பேர் அங்க போய் வாத்தியாராவும் தாசில்தார் ஆபீஸ்லயும் இருக்காங்க, ஆனா அங்க பென்சில் புடிக்கிற வகுப்பு கெடையாது. ஓவியம் படிக்கறது கவின்கலைக் கல்லூரி, பட்டத்துக்குப் பேர் பி.எஃப்.ஏ., நாலு வருஷம். துறையே வேற, அது கலை பண்பாட்டுத் துறைக்குக் கீழ வருது. இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா போன வருஷம்கூட ஒரு பையன் அரசு கலைக் கல்லூரிகளுக்கான டிஎன்ஜிஏஎஸ்ஏ ஆன்லைன் விண்ணப்பத்த போட்டுட்டு, அதுலயே ஓவியக் கல்லூரியும் வந்துடும்னு நெனச்சு வீட்ல உக்காந்திருந்தான். வராதும்மா. அது தனி, இது தனி. ரெண்டுக்கும் தனித்தனியா போடணும்.

எது நல்லதுன்னு கேட்டிருக்கீங்க. காலேஜ் பேர வெச்சு ஒப்பிடாதீங்க, கட்டடத்த வெச்சும் ஒப்பிடாதீங்க, வாசல்ல என்ன கேக்கறாங்கன்னு பாருங்க. சேத்துக்கறதுக்கு எத கேக்கறாங்களோ அதத்தான் உள்ள போனதும் மூணு நாலு வருஷம் செய்ய வெக்கப் போறாங்க. இத புடிச்சுக்கிட்டீங்கன்னா மிச்சக் குழப்பம் தானா தெளியும்.

பி.ஏ.வுக்கு கேக்கறது மார்க்க மட்டும்தான். அரசு காலேஜ்ல பி.ஏ. தமிழ்னா ப்ளஸ் டூ தமிழ் மார்க்க வெச்சு தனி ரேங்க், இங்கிலீஷ்னா இங்கிலீஷ் மார்க்க வெச்சு தனி ரேங்க், மத்த பாடத்துக்கு மொழி ரெண்டையும் விட்டுட்டு மீதி நாலு பாடத்தோட மார்க் 400க்கு கணக்கு. அதோட 69 சதவீத இடஒதுக்கீடு, அதுல பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20ன்னு பிரிச்சுக் குடுப்பாங்க. உங்க பொண்ணு 61 சதவீதத்துலயே நின்னாலும் தமிழ்ல மட்டும் நல்லா வாங்கியிருந்தா தமிழ் ரேங்க்ல மேல வர வாய்ப்பு உண்டு, இது பலருக்குத் தெரியறதில்ல. மார்க் கேக்கறாங்கன்னா உள்ள படிக்கறதும் எழுதறதும்தான் வேலைன்னு அர்த்தம். அதுல தப்பே இல்ல. அவளுக்கு அது வேணுமாங்கறதுதான் கேள்வி.

இப்ப கவின்கலைக் கல்லூரிக்கு வரேன், இதப் பத்தி கொஞ்சம் நெறையவே சொல்லணும். மெட்ராஸ் எழும்பூர் பக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில இருக்கற அரசு கவின்கலைக் கல்லூரி 1850ல அலெக்சாண்டர் ஹன்டர்ங்கற டாக்டர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம், நாட்டுல இருக்கற பழைய ஓவியப் பள்ளிகள்ல ஒண்ணு. மெரினாவுல உழைப்பாளர் சிலை பாத்திருப்பீங்க, நாலு பேர் சேந்து பாறைய நெம்பறது, அத செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி இந்தக் காலேஜுக்கு பல வருஷம் தலைவரா இருந்தவர். அவருக்கப்புறம் வந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் மாணவர்களையும் சேத்துக்கிட்டு 1966ல கடற்கரையோரமா சோழமண்டலம் ஓவியர் கிராமத்த உண்டாக்கினார். காந்திய கோட்டோவியமா வரைஞ்ச ஆதிமூலம் திருச்சி மாவட்டத்துல ஒரு கிராமத்துல இருந்து இங்க வந்து படிச்சவர்தான். பெரிய பேரா சொல்லி மயக்கறதுக்கு இத சொல்லலம்மா, வெவசாயக் குடும்பத்துப் பிள்ளைங்க உள்ள போன வாசல்தான் அதுன்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியணும்னு சொல்றேன். அங்க ஓவியம், சிற்பம், செராமிக், டெக்ஸ்டைல், பதிப்போவியம், விஷுவல் கம்யூனிகேஷன்னு பிரிவு பிரிவா இருக்கு. கும்பகோணத்துலயும் அரசு கவின்கலைக் கல்லூரி ஒண்ணு இருக்கு, ஊர் சின்னது, சில வீட்டுக்கு அதுதான் தைரியமா இருக்கும். மாமல்லபுரத்துல 1957ல ஆரம்பிச்ச காலேஜ் கோயில் சிற்பம், மரபுக் கட்டடம், மரபு ஓவியம்னு சிற்ப சாஸ்திர வழியில சொல்லிக்குடுக்குது, அளவும், தாளம்னு சொல்ற உருவ அளவுக் கணக்கும் கத்துக்கற ஆசை இருக்கறவங்களுக்கு அது. மூணுமே 2013ல வந்த இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோட சேந்தது. ப்ளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கணும், காமர்ஸ் குரூப்ங்கறது ஓவியத்துக்கு ஒரு தடையே இல்ல.

அங்க வாசல்ல கேக்கறது கைய. மார்க்குக்கு அங்க ஒரு ஓரம்தான், நடுவுல இருக்கறது வரையற தேர்வு. ஒரு பொருள முன்னாடி வெச்சு வரையச் சொல்றது, நெனவுல இருந்து ஒரு காட்சிய வரையச் சொல்றது, கலர் போடச் சொல்றது, இதுதான் பொதுவா ஓவியக் கல்லூரிகள்ல நடக்கற வழக்கம். சிற்பம்னா களிமண்ண குடுப்பாங்க.

இந்த பொருள பாத்து வரையறதுலதான் நம்ம பிள்ளைங்க சறுக்கறாங்க, அதனால ஒண்ணே ஒண்ணு விளக்கமா சொல்றேன், இன்னிக்கு ராத்திரியே செஞ்சு பாக்கச் சொல்லுங்க. சமையல்கட்டுல இருந்து ஒரு பித்தளைச் சொம்ப எடுத்து தரையில வெச்சு, அவள ஸ்டூல்ல உக்கார வெச்சு வரையச் சொல்லுங்க. வாய நீள்வட்டமா போடுவா, கண்ணுக்கு அது தெரியும். அடிய மட்டும் ஸ்கேல் வெச்ச மாதிரி நேர்கோடா போட்டுடுவா, ஏன்னா சொம்பு தரையில தட்டையா உக்காந்திருக்குன்னு மூளைக்குத் தெரியும், கை கண்ண விட்டுட்டு மூளை சொல்றத கேக்கும். உண்மையில அடி வாய விட கண்ணுக்குக் கீழ இன்னும் தள்ளி இருக்கு, அதனால அந்த வளைவு வாயோட வளைவ விட கூடவே உருண்டு தெரியணும். வாய் விரிஞ்சு அடி நேரா நிக்கிற சொம்பு அந்தரத்துல தொங்கற மாதிரி இருக்கும். தேர்வு பாக்கறவர் இருபது அடி தள்ளி நின்னே அத கண்டுபுடிச்சுடுவார். நூறு நடிகர் முகம் வரைஞ்சாலும் இது வராதும்மா, போட்டோவுல கேமரா ஏற்கனவே எல்லாத்தையும் தட்டையாக்கி குடுத்துடுது, பிள்ளை அத நகல்தான் எடுக்கறா.

எனக்கும் இது அனுபவம்தான். என் அப்பா எஸ்டேட்ல கணக்கு எழுதினவர், நான் மொதல் தடவை ஓவியக் கல்லூரித் தேர்வுக்குப் போனப்ப காலண்டர் சாமி படத்த பாத்து வரைஞ்ச கட்டு ஒண்ண கையில வெச்சிருந்தேன். முன்னாடி ஒரு மண்பானையும் கசங்கின துணியும் வெச்சாங்க. மூணு மணி நேரம், அந்தத் துணியோட மடிப்பு எனக்கு புடிபடவே இல்ல. எடம் கெடைக்கல. ஒரு வருஷம் மலையிலயே இருந்து அரசு நடத்தற டிராயிங் லோயர், ஹையர் ரெண்டு பரீட்சையும் எழுதி, தெனம் கொடியில காயற துணியத்தான் வரைஞ்சேன், ஈரத் துணி ஒரு மாதிரி விழும் காஞ்ச துணி வேற மாதிரி விழும். அடுத்த வருஷம் கெடைச்சது. உங்க பொண்ணுக்கு அந்த ஒரு வருஷம் இப்பவே கையில இருக்கு.

விஸ்காம் பத்தி உங்க தம்பி சொன்னது. கோயமுத்தூர்ல நெறைய தனியார் காலேஜ்ல இருக்கு, பி.எஸ்ஸி. விஷுவல் கம்யூனிகேஷன், மூணு வருஷம். மார்க்கும் ஒரு நேர்காணலும் பாத்து எடுப்பாங்க, சில எடத்துல சின்னதா ஒரு தேர்வு. உள்ள போனா கேமரா, எடிட்டிங், விளம்பரம், கொஞ்சம் டிராயிங், கொஞ்சம் தியரி. கூட்டமா வேல செய்யப் புடிச்ச, பேசத் தெரிஞ்ச, படம் எடுக்கணும்னு துடிக்கற பிள்ளைக்கு நல்ல படிப்புதான். ஆனா ஃபீஸ் தவிர கேமரா, லேப்டாப், ப்ராஜெக்ட் செலவுன்னு வந்துக்கிட்டே இருக்கும், பச்சைத் தேயிலை விலை ஏறி எறங்கற வீட்ல அத யோசிச்சுத்தான் எறங்கணும். நோட்டுத் தாள்ல தனியா உக்காந்து அம்மாவ வரையற பொண்ணுக்கு இது மொதல் தேர்வுன்னு எனக்குத் தோணல.

டிசைன்ங்கறது இன்னொரு வாசல், அங்க கேக்கறது யோசனைய. ஐஐடிகள்ல பி.டெஸ்.ங்கற டிசைன் பட்டப்படிப்புல சேர யுசீட்னு ஒரு பரீட்சை, ஐஐடி பம்பாய் நடத்துது, எந்த குரூப்பும் எழுதலாம். ஜனவரியில பரீட்சை, அக்டோபர் வாக்குலயே விண்ணப்பம் ஆரம்பிச்சுடும், தொடர்ந்து ரெண்டு வருஷம் மட்டும்தான் எழுத விடுவாங்க. 300 மார்க்குல 200 கம்ப்யூட்டர்ல, மிச்சம் 100க்குத்தான் கைல வரையறதும் டிசைன் யோசனையும், கேள்வியெல்லாம் இங்கிலீஷ். ஒரு பெட்டிய பிரிச்சா எப்படி விரியும், ஒரு பல்சக்கரம் இந்தப் பக்கம் சுத்தினா நாலாவது எந்தப் பக்கம் சுத்தும், இந்த மாதிரி. தேசிய டிசைன் நிறுவனமான அகமதாபாத் என்ஐடிக்கு தனிப் பரீட்சை, மொதல்ல ஒண்ணு அப்புறம் மெயின்ஸ்னு ரெண்டு கட்டம். மெட்ராஸ் தரமணியில இருக்கற ஃபேஷன் படிப்பு நிறுவனமான நிஃப்ட்டுக்கு படைப்புத் திறன் தாள், பொது அறிவுத் தாள், அதுக்கப்புறம் கம்பி அட்டை நூல்னு சாமான் குடுத்து ஒரு பொருள செய்யச் சொல்ற சிச்சுவேஷன் டெஸ்ட். பக்கத்து வீட்டுப் பையன் சம்பளம்னு சொன்னது பொய்யில்ல. ஆனா ஃபீஸும் அதுக்கேத்த மாதிரி இருக்கும், அதோட டிசைன்ங்கறது அடுத்தவங்களோட பிரச்சினைக்கு தீர்வு செய்யற படிப்பு, ஓவியம்ங்கறது வேற. ஒரு வெள்ளோட்டம் மாதிரி யுசீட்டோட பழைய கேள்வித்தாள எறக்கி அவளுக்குக் குடுங்க. ரெண்டு மணி நேரம் விடாம உக்காந்தான்னா போடுங்க. பதினஞ்சு நிமிஷத்துல மூடி வெச்சான்னா அந்த விண்ணப்பக் காசுக்கு நல்ல ட்ராயிங் தாள் வாங்கிக் குடுங்க.

இதுல ஒரு எச்சரிக்கை. கீழ டவுன்ல ஒரு கோச்சிங் சென்டர், பேர் வேணாம், எங்கிட்ட படிச்ச ஒரு பொண்ணோட வீட்ல பெரிய தொகை வாங்கிட்டு சீட்டு உறுதின்னு சொல்லி ஒரே மாதிரி பத்து படத்த மனப்பாடம் பண்ண வெச்சாங்க. தேர்வுல வேற தலைப்பு வந்ததும் பிள்ளை கை நடுங்கி உக்காந்துட்டா. அரசு ஓவியக் கல்லூரியில எடத்த யாரும் முன்கூட்டி உறுதி பண்ண முடியாது. அப்படிச் சொல்றவங்ககிட்ட பணம் குடுக்காதீங்க.

வெளிமாநிலம் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், இப்ப இல்லன்னாலும் பின்னாடி எம்.எஃப்.ஏ.ங்கற ஓவிய மேல்படிப்புக்குப் போறப்ப தேவைப்படும். சாந்திநிகேதன்ல 1919ல தாகூர் ஆரம்பிச்ச கலாபவன், பரோடாவுல எம்.எஸ். பல்கலைக்கழகத்தோட கவின்கலைப் பிரிவு, ரெண்டுமே நுழைவுல வரைய வெச்சுப் பாக்கற எடம். கே.ஜி. சுப்பிரமணியன்னு பெரிய ஓவியர், மெட்ராஸ் பிரெசிடென்சி காலேஜ்ல பொருளாதாரம் படிச்சவர், சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போய் படிப்பு நின்னு, 1944ல சாந்திநிகேதன் போய்ச் சேந்தார். அதனால மொத வருஷம் எடம் கெடைக்காம பி.காம். சேர வேண்டி வந்தாலும் கதவு அடைச்சுடுச்சுன்னு பிள்ளைய அழ விடாதீங்க.

நேர்காணல் வெச்சாங்கன்னா உங்க ஊர்ல என்ன கலை இருக்குன்னு கேக்க நெறைய வாய்ப்பு இருக்கு. நம்ம பிள்ளைங்க முழிக்கும், டிவியில பாத்தத சொல்லும். வெள்ளரிக்கொம்பை பக்கம் பாறை ஓவியம் இருக்கு, கோத்தகிரியில இருந்துக்கிட்டே பாக்காதவங்கதான் அதிகம். அந்த வழியில வர, நம்ம மலைப் பழங்குடியான ஆலு குறும்பரோட ஓவியத்துல வேங்கை மரத்துப் பிசின்ல நெறம் எடுப்பாங்க, தேன் எடுக்கறதும் வெதைக்கறதும்தான் படம். தோடர் பூத்தையல் பாத்திருப்பா, வெள்ளைத் துணியில செவப்பும் கருப்பும், மொதல்ல படம் வரைஞ்சுக்கறதே இல்ல, துணியோட இழைய எண்ணி எண்ணித் தைக்கறது, 2013ல புவிசார் குறியீடு வாங்கினது. பள்ளிக்கூட லீவுல ஒரு நாள் இத செய்யறவங்க பக்கத்துல உக்கார வெச்சு பாக்க வையுங்க, பரீட்சைக்காக மட்டும் இல்ல, டெக்ஸ்டைல் பிரிவு எடுக்கலாமாங்கறதும் அவளுக்கே அங்க தெரிஞ்சுடும்.

வேலை. இத மறைக்காம சொல்லணும். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைக்கு அறிவிப்பு எப்பவாவதுதான் வருது, அத மட்டும் நம்பி சேக்காதீங்க. டெக்ஸ்டைல் படிச்சவங்கள திருப்பூர், கரூர் பக்கம் டிசைன் வேலைக்கு எடுக்கறாங்க, விஷுவல் கம்யூனிகேஷன் பிரிவுல இருந்து விளம்பரம், அனிமேஷன், சினிமா ஆர்ட் டிபார்ட்மெண்ட்னு போறாங்க, தனியார் பள்ளியில ஆர்ட் டீச்சர் வேலை கெடைக்குது. ஓவியம் சிற்பம் மட்டும் படிச்சவங்களுக்கு மொத மூணு நாலு வருஷம் கஷ்டம்தான், கை நிக்கிற வரைக்கும் வேற ஏதாவது சேத்துப் பாக்கணும். அத தாங்கற மனசு அவளுக்கு இருக்கான்னு நீங்கதான் பாக்கணும், எனக்கு இங்க இருந்து தெரியாது.

செலவும் பயமும். அரசுக் காலேஜ்ங்கறதால ஃபீஸ் பெரிய பாரமா இருக்காது, தங்கறதும் சாமானும்தான் செலவு. ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் அவ கணக்குக்கு வரும், சேந்த காலேஜ் வழியாத்தான் போடணும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்ல யாரும் பட்டம் வாங்கலன்னா முதல் பட்டதாரிச் சான்று, எல்லாத்தையும் இ-சேவையில டிசம்பர்லயே எடுத்து வெச்சுடுங்க, மே மாசம் ரிசல்ட் வந்தப்புறம் கூட்டத்துல நிக்கவே முடியாது. மெட்ராஸ் பயம்னு சொன்னீங்க. தேர்வுக்கு முன்னாடியே ஒரு தடவை ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. சாயங்காலம் மேட்டுப்பாளையம் எறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சா காலையில சென்ட்ரல், அங்க இருந்து காலேஜ் நடந்து போற தூரம்தான். செங்கல் கட்டடம், மரத்தடியில பிள்ளைங்க உக்காந்து வரைஞ்சுக்கிட்டு இருப்பாங்க, வெளியூர்ல இருந்து வந்த பொண்ணுங்ககிட்ட எங்க தங்கியிருக்கீங்கன்னு நீங்களே கேளுங்க. நான் சொல்றத விட அவங்க சொல்றதுல உங்களுக்கு நெஞ்சு லேசாகும்.

ஆக நான் போடற வரிசை இது. மெட்ராஸ், கும்பகோணம் ரெண்டு கவின்கலைக் கல்லூரிக்கும் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம். கூடவே ஊட்டிக்கு பி.ஏ. தமிழ், அது அப்பாவுக்காக இல்ல, ஒரு வருஷம் காத்திருக்க வேண்டி வந்தா வீட்லயே சும்மா உக்காந்திருக்கக் கூடாதுங்கறதுக்காக. விஸ்காமும் டிசைனும் அவளா கேட்டா மட்டும்.

அதுவரைக்கும் தெனம் ஒரு மணி நேரம், செல்போன் இல்லாம, எதிர்ல இருக்கறத மட்டும். சொம்பு, கம்பளி, மழையில நனைஞ்ச செருப்பு, அடுப்புப் பக்கம் குந்தியிருக்கற பாட்டி. உங்க கையவும் வரையச் சொல்லுங்க, கொழுந்துக் கறை ஏறின நகத்தோட, கழுவறதுக்கு முன்னாடியே. அழிரப்பர் வேணாம், தப்பான கோடு அப்படியே இருக்கட்டும், பக்கத்துலயே சரியான கோட்ட போடட்டும். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாடியும் தேதி எழுதணும். தீபாவளி கழிச்சு மொதல் தாளையும் கடைசித் தாளையும் எனக்கு அனுப்புங்க, நடுவுல இருக்கறது வேணாம். அந்தக் கொழுந்துப் பை படத்த மட்டும் இப்பவே நோட்டுல இருந்து பதமா பிரிச்சு, மடிக்காம, ஒரு அட்டைக்குள்ள வெச்சுடுங்க, காலேஜுல காட்டற படத் தொகுப்புல, போர்ட்ஃபோலியோன்னு சொல்வாங்க, அதுதான் மொதல்ல இருக்கணும்.